ரெசிஸ்டர் போடாத விளக்குகள்

இரவு பத்து மணி தாண்டிய நேரம்... சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற சாலை. கடைசி டவுன் பஸ் போய்விட்டது. இரண்டு பக்கமும் மழை குடித்து ஈரம் காயாத கரிசல். அங்கங்கே நிற்கிற உடைமரங்களைத் தவிர ஆள் உயரத்துக்கு எதுவும் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு பைக் தனியாகப் போகிறது. ஓட்டிக்கொண்டு போவது மாரிக்கண்ணன்.

யார் அந்த மாரிக்கண்ணன் என்று கேட்பீர்கள். இதோ, சுவரில் சாய்ந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே என் நண்பன் ராஜதுரை, இவனுடைய தங்கை முத்துமாரியைக் கட்டியவன். விடிந்தால் இந்தப் புது வீட்டில் பால் காய்ச்சு. கரண்ட் போய்விட்டது, உங்களுக்கும் உறக்கம் வரவில்லை, பேய்க் கதை சொல்லு என்று என்னை நச்சரிக்கிறீர்கள். நியாயமாக இதை ராஜதுரைதான் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டான். அதனால் நான் சொல்கிறேன். பேச்சி, அந்த எமர்ஜென்சி லைட்டை அணைத்துவிடு. சார்ஜாவது மிச்சமாகும்.

"அணைக்கணுமா அண்ணாச்சி? அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே..."

சரி, கிடக்கட்டும். இப்போதே பயந்தால் எப்படி?

மாரிக்கண்ணனுக்கு ஊருக்குள் ஒரு சின்னக் கடை. திருவிழா அலங்காரத்துக்குச் சீரியல் செட் விளக்கு வாடகைக்கு விடுவான், எல்.இ.டி. பல்பு ரிப்பேர் பார்ப்பான். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. ஆனால் தபசு வருடத்துக்கு ஒரு தடவைதானே! மற்ற நாளெல்லாம் அவனுக்கும் முத்துமாரிக்கும் சோறு போட்டது இந்தச் சாலையோரத்துக் கோழிப்பண்ணைதான். நீளமான தகரக் கொட்டகை, நடுவில் வரிசையாகத் தூண்கள், தரையெல்லாம் உமி. கம்பெனி குஞ்சு இறக்கும், தீவனம் கொடுக்கும். வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது இவர்கள் வேலை.

கோழிக்குஞ்சைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிச்சம் பட்டென்று போனால் அது பயப்படும். பயந்தால் ஓடும். ஓடி ஒரே மூலையில் குவியும். ஒன்றின் மேல் ஒன்று... அதன் மேல் இன்னொன்று... அடியில் கிடப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும். பாம்பு வேண்டாம், கீரி வேண்டாம். இருட்டே போதும்.

முந்தின தடவை குஞ்சு இறக்கியபோது அதுதான் நடந்தது. டிரான்ஸ்பார்மர் வெடித்து, கொட்டகை முழுவதும் ஒரே நொடியில் இருண்டது. அன்று உள்ளே இருந்தவர் காவல்காரர் மூக்காண்டி. வாயில் எப்போதும் புகையிலை, காலில் டயர் செருப்பு. ராத்திரி முழுக்கத் தூண் தூணாகச் சுற்றுவார். எங்கேயாவது குஞ்சுகள் கூடினால் குனிந்து இரண்டு கையாலும் விலக்கிவிட்டு, "ப்பா... ப்பா..." என்று உதட்டால் ஒரு சத்தம் கொடுப்பார். கலைந்துவிடும். அன்றைக்கும் இருட்டில் மூலைக்கு ஓடியிருக்கிறார். காலையில் போய்ப் பார்த்தால், குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டபடி குப்புறக் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். சுற்றிலும் செத்த குஞ்சுகள். வலது கை மட்டும் லேசாக மூடியிருந்தது. விரலைப் பிரித்தால் உள்ளே ஒரு குஞ்சு... உயிரோடு.

கம்பெனி சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "இன்னொரு மட்டம் இப்பிடிக் குவிஞ்சு செத்துச்சுன்னா இங்கன குஞ்சு எறக்க மாட்டோம்வே. பாத்துக்கிடும்."

கொட்டகை காலியாகக் கிடந்தால் குடும்பம் நிற்காது. மாரிக்கண்ணனுக்கு அது தெரியும். உட்கார்ந்து யோசித்தான். கரண்ட் இருந்தாலும் போனாலும் பேட்டரியில் எரிகிற விளக்கு. பொழுது சாய்வதுபோல மெல்ல மெல்ல மங்க வேண்டும், விடியும்போது மெல்ல மெல்ல ஏற வேண்டும். அவனுக்கென்ன, கைவந்த வேலைதான். தூணுக்கு ஒரு விளக்கு, அதற்குக் கீழே நெஞ்சு உயரத்தில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் மூன்று கால் உள்ள ஒரு சில்லு. மாஸ்ஃபெட் என்பார்கள். வெளிச்சத்துக்கு அதுதான் குழாய். கேட் என்கிற கால்தான் குழாயின் திருகு. அதில் வோல்ட் கொடுத்தால் திறக்கும், எடுத்தால் மூடும். நொடிக்கு ஆயிரம் தடவை திறந்து மூடினால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். அந்தத் திருகைத் திருப்புவதற்குக் கொட்டகைக் கோடியில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பலகை.

பலகை கொடுப்பது மூன்று வோல்ட்டும் சொச்சமும். முதலில் கடையில் கிடந்த பழைய சில்லுகளைப் போட்டான். அவை முழுசாகத் திறக்க அது பத்தவில்லை. விளக்கு முக்கி முனகி எரிந்தது, சில்லு தொட்டால் சுட்டது. மதுரையிலிருந்து கொஞ்ச வோல்ட்டுக்கே திறக்கிற சில்லு வரவழைத்து மாட்டினான். ஜம்மென்று வேலை செய்தது. ராத்திரி விளக்குகள் முழுதாக அணைந்ததும் பலகையும் தூங்கிவிட வேண்டும், பேட்டரி மிச்சமாகும் என்று அதற்கும் புரோகிராம் எழுதினான்.

ஒன்றை விட்டுவிட்டான். கேட் காலுக்கும் மைனஸுக்கும் நடுவே அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்று வைக்க வேண்டும். பலகை தூங்கும்போது திருகை இழுத்து மூடி வைப்பது அதுதான். சீரியல் செட்டில் அவன் அதை வைத்ததே இல்லை, தேவையும் வந்ததில்லை. தபசு ராத்திரியில் எந்தப் பலகை தூங்கியிருக்கிறது?

முதலில் சொன்னேனே, அந்தப் பைக் கொட்டகை வாசலில் நின்றது. புதுக் குஞ்சுகள் இறங்கிவிட்டன, முதன்முதலாக விளக்கை மங்கவிட்டுப் பார்க்கப் போகிற ராத்திரி அது. உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். விளக்குகள் இறங்கின. மஞ்சள்... செம்மஞ்சள்... சாம்பல். குஞ்சுகள் ஒவ்வொன்றாக இருந்த இடத்திலேயே உட்கார்ந்தன. ஒரு சலசலப்பு இல்லை. முழு இருட்டு. மாரிக்கண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது... கோடித் தூணில் விளக்கு லேசாக எரிந்தது.

பீடி நெருப்பு அளவுக்குத்தான் வெளிச்சம். ஏறியது, இறங்கியது, அணைந்தது. பிறகு அடுத்த தூண். அணைந்தது. அதற்கடுத்த தூண். வரிசையாக... அவன் பக்கமாக...

சர்... சர்... உமியில் எதுவோ தேய்கிற சத்தம். காற்றே இல்லை. கோழி எச்சத்தின் காரநெடிக்கு நடுவில் புகையிலை வாசனை. கட்டிலுக்கு முந்தின தூண்வரை வந்த வெளிச்சம் அங்கே நின்றது. நின்றது... பிறகு மூலைப்பக்கம் திரும்பியது. அங்கே குஞ்சுகள் லேசாக முனகி, நகர்ந்து, அடங்கின. வந்த வழியே வெளிச்சம் போனது. விடியும்வரை போனது, வந்தது.

காலையில் முத்துமாரி தூக்குச்சட்டியில் காப்பி கொண்டுவந்தாள். "என்ன, உறங்கலியா? கண்ணு இப்பிடிச் செவந்து கெடக்கு?"

அவன் பலகையைத் தூங்க வைத்துவிட்டு ஒரு பெட்டியைத் திறந்தான். வலது கையைக் கேட் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். விளக்கு எரிந்தது. எடுத்தான், மங்கியது. சத்தமாகச் சிரித்துவிட்டான்.

"ஏட்டி, இங்கன வா. ஒன் கையக் கொண்டா."

அவள் கைக்கும் எரிந்தது.

"ரெசிஸ்டர் வைக்காம விட்டுட்டேன், அதான். கேட் அந்தரத்துல தொங்குது. உசுருள்ள ஒடம்பு பக்கத்துல வந்தாலே போதும், தானா எரியும். நான் ஒரு கிறுக்கன், ராத்திரி பூரா பயந்து செத்தேன்."

முத்துமாரி விளக்கைப் பார்த்தாள். நீளமாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்தாள். "அப்ப ராத்திரி பக்கத்துல வந்தது யாரு?"

"பூனையா இருக்கும்."

"பூனை நெஞ்சு ஒசரத்துலயா நடக்கும்?"

மாரிக்கண்ணன் காப்பியைக் குடித்தான். பெட்டியை மூடினான்.

அதற்குப் பிறகு அவன் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடையில் உட்கார்ந்தால் தெருக் கூட்டுகிற சத்தம் உமியில் நடக்கிற சத்தமாகக் கேட்டது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தான். ராத்திரி கட்டிலில் படுப்பான், எழுவான், வாசலுக்குப் போவான், திரும்பி வருவான். வெளிச்சம் மட்டும் தவறாமல் சுற்றியது. தினமும் கட்டிலுக்கு முந்தின தூணில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனது. சூப்பர்வைசர் வந்து குஞ்சுகளைப் பார்த்து, "மூலையில ஒண்ணுகூடச் சாகலியேவே, என்னவே பண்ணுதீரு?" என்று முதுகில் தட்டினார். மாரிக்கண்ணன் பல்லைக் காட்டினான்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் சால்டரிங் அயர்னை எடுத்துக்கொண்டு போனான். பெட்டி பெட்டியாகத் திறந்து ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். முத்துமாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பாட்டுக்கு நல்லாத்தான எரிஞ்சுது. குஞ்சும் சாகல. எதுக்கு நோண்டுதீங்க?"

"எனக்கு உறக்கம் வேணும்டி."

அன்று ராத்திரி விளக்குகள் மங்கின, அணைந்தன. எதுவும் எரியவில்லை. கோடித் தூணும் எரியவில்லை, பக்கத்துத் தூணும் எரியவில்லை. மாரிக்கண்ணன் பெருமூச்சு விட்டுப் படுத்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு கண் சொருகியது.

இடி...

தகரக் கூரை அதிர்ந்தது. அடுத்த நொடி கொட்டகை முழுவதும் கீச்சென்று அலறியது. உமியைக் கிளப்பிக்கொண்டு குஞ்சுகள் ஓடுகிற சத்தம், மூலையைப் பார்த்து... மூலையைப் பார்த்து... பிறகு அந்த அலறல் மெல்ல அமுங்கத் தொடங்கியது, தலையணைக்குள் வாயை வைத்துக் கத்துவதுபோல. அது என்ன சத்தம் என்று மாரிக்கண்ணனுக்குத் தெரியும். அடியில் கிடப்பவற்றுக்கு மூச்சு முட்டுகிறது.

டார்ச் அடித்தால் மிரண்டு இன்னும் நெருக்கும். பலகையை எழுப்ப அந்தக் கோடிவரை ஓட வேண்டும், அதற்குள் பாதி செத்துவிடும். செருப்பில்லாமல் மூலைக்கு ஓடினான். முழங்கால் போட்டான். இருட்டில் இரண்டு கையையும் குவியலுக்குள் விட்டான். சூடு... இறகு... துடிப்பு. அள்ளி அள்ளிப் பின்னால் போட்டான். அள்ள அள்ள வந்து விழுந்தன. அவன் முதுகில் ஏறின, கழுத்தில் ஏறின. அழுதுவிட்டான். "போச்சே... எல்லாம் போச்சே..." வலது கையை இன்னும் ஆழமாக, அடியில் உமிவரை விட்டான்.

அடியில் ஒரு கை இருந்தது.

சில்லென்று இருந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

பிடித்த கை அவனை இழுக்கவில்லை. அவன் கையை இடப்பக்கம் தள்ளியது. பிறகு வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். அள்ளக் கூடாது, விலக்க வேண்டும்... அவன் கையை வைத்தே அது விலக்கிக்கொண்டிருந்தது. காதோரம் புகையிலை வாசனை.

"ப்பா... ப்பா..."

குவியல் கரைந்தது. குஞ்சுகள் உதறிக்கொண்டு பரவின. அலறல் அடங்கி முனகலாகி, முனகலும் அடங்கியது. கூரையில் மழை மட்டும் கேட்டது.

கை விடவில்லை.

விளக்குகள் மெல்ல ஏறி விடியத் தொடங்கியபோது, மாரிக்கண்ணன் அதே மூலையில், வலது கையை மணிக்கட்டுவரை உமிக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தான். காலையில் வந்த முத்துமாரிதான் அந்தக் கையை வெளியே எடுத்தாள். உமிக்குள் வேறு எதுவும் இல்லை. மூலையில் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

அன்றைக்கே எல்லா ரெசிஸ்டரையும் வெட்டி எடுத்துவிட்டான். அந்தத் தடவை குஞ்சுகள் கொழுகொழுவென்று வளர்ந்து லாரியேறின. அடுத்த தடவையும் கம்பெனி இறக்கியது. இன்றைக்கும் ராத்திரியில் திருவேங்கடம் சாலையில் போனால் பார்க்கலாம், தூண் தூணாக ஒரு வெளிச்சம் சுற்றிக்கொண்டிருக்கும். மாரிக்கண்ணன் அதற்குப் பழகிவிட்டான். நன்றாக உறங்குகிறான்.

"அம்புட்டுத்தானா அண்ணாச்சி? நல்ல பேயாத்தான இருக்கு!"

இரு பேச்சி. முடிக்கவில்லை.

ராஜதுரை போன மாதம் தங்கை வீட்டுக்குப் போனபோது, பொழுது சாயும் நேரத்தில் மாரிக்கண்ணன் இவனைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் ஒரு பெட்டியைத் திறந்தான். பலகையைத் தூங்க வைத்தான். "மச்சான், இதக் கொஞ்சம் பாருங்க" என்று இடது கையைக் கம்பிக்குப் பக்கத்தில் காட்டினான். விளக்கு எரிந்தது. எடுத்துவிட்டு, அன்று உமிக்குள் பிடிபட்ட வலது கையைக் காட்டினான்.

எரியவில்லை.

கிட்டே கொண்டுபோனான். ஈரமாக்கிப் பார்த்தான். கம்பியையே விரலால் பிடித்தான். எரியவில்லை. ராஜதுரை அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது. நாடிகூட அடித்தது.

"உங்க கையக் கொண்டாங்க மச்சான்" என்றான் மாரிக்கண்ணன்.

ராஜதுரை தன் கையைக் கம்பியருகே நீட்டினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. மாரிக்கண்ணன் தன் வலது கையால் இவன் மணிக்கட்டைப் பிடித்தான்...

விளக்கு மெல்ல மெல்ல மங்கி அணைந்தது.