ஏழு வகைச் சோறும் ஒரு கேள்வியும்

மேலூரிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு தாயும், வழியில் ஏறிய அவளுடைய நாத்தனாரும் பேசியது இது. நானும் மகளைக் கட்டிக்கொடுத்தவன். கேட்டது முதல் மனம் ஒரு நிலையில் இல்லை.

“மக முழுகாம இருக்கான்னு மேலூருக்கு ஏழு வகைச் சோறு கட்டிக்கிட்டுப் போனேன். வயித்துல ஒண்ணுமில்லையாம்,” என்றாள் தாய்.

“அஞ்சு மாசமா வீட்டுக்கு விலக்காகலையே மதினி?”

“பயத்துல நின்னு போச்சாம். புது எடம், தூக்கமில்ல, எந்நேரமும் நெஞ்சு படபடன்னு அடிச்சா ஒடம்பு அதை நிறுத்திப்புடுமாம். டாக்டரம்மா சொல்லுது.”

“அம்புட்டுச் சோறும் என்னாச்சு?”

“சம்பந்தி வீட்டுல மாட்டுத் தொட்டியில கொட்டுனாக. ஊரே பாத்துச்சு. மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைப்பேன்?”

“சோத்த விடுங்க. புள்ள எதுக்குப் பயந்துச்சாம்?”



“கேக்கலையே. எல்லாரு முன்னாடியும் இப்படித் தலைகுனிய வச்சிட்டியேன்னு அவளத்தான் வஞ்சுட்டு வாரேன்.”

“அவ என்ன சொன்னா?”

“என் சேலையப் பிடிச்சா. உதறிட்டு வந்துட்டேன்.”

பிறகு அவள் எழுந்து, “கண்டக்டரண்ணே, நிறுத்துங்க,” என்றாள். நாத்தனார் கூப்பிடக் கூப்பிட, இறங்கி, பஸ் வந்த வழியே மேலூர்ப் பக்கம் திரும்பி நடந்தாள்.