காயத்ரி பேரில் போன ரத்தம்

"ஹலோ... ஆமாங்க, மருதாசலந்தான். விஷ்ணு அப்பா... வணக்கங்க டாக்டரம்மா... இல்லீங்க, இன்னிக்கு செகண்ட் ஷிப்ட்டு. வீட்லதான் இருக்கேன்..."

சென்னையிலிருந்து டாக்டர் ரெஜினா பேசினார். தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு இறங்கிவரும் தசை நோயை ஆராய்கிறவர். பதினாறு வயது விஷ்ணு சக்கர நாற்காலிக்கு வந்த கதையைக் கேட்டுவிட்டு, அவன் அக்காமார் புவனா, காயத்ரி இருவரின் ரத்தமும் வேண்டுமென்று போன மாதம் சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸுக்கே ஆள் அனுப்பியிருந்தார்.

"ரிசல்ட்டுங்களா?... ம்... ம்... என்னங்க? ரெண்டு ரத்தமும் ஒண்ணா?... அக்கா தங்கச்சிங்கதானுங்களே... ஓ. அப்படி இருக்காதுங்களா... சரிங்க... சரிங்க..."

இனி எந்தப் பொய்யும் எடுபடாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டும் புவனாதுதாங்க... இல்லீங்க, உங்க ஆளுங்க மேல தப்பில்ல. காயத்ரி ரத்தம் எடுக்க மறுநாள் வேற ஆளு வந்தாரு. அப்பவும் புவனாவையே உக்கார வெச்சுட்டோம்... காயத்ரிக்குத் தை மாசம் கல்யாணங்க. மாப்பிள்ளையும் மைன்ஸ்ல பர்மனென்ட். அவ பேர்ல ஏதாச்சும் வந்தா குவார்ட்டர்ஸ் முழுக்க பிளாக் பிளாக்கா பரவிடும்... நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க, தெரியும். பயங்க... புவனா ஓடியாடற பையனப் பெத்தவ, அவ ரத்தத்துல என்ன குறை இருக்கப்போவுதுன்னு... என்னது?... இருக்குதா?... புவனாவுக்கா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கூடத்துப் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க... பேரனுக்கு மூணு முடிஞ்சிருச்சு. குறிஞ்சிப்பாடிலேர்ந்து அம்மாவும் புள்ளையும் வந்திருக்காங்க... கெண்டைக்காலா? நல்லா தெரண்டு இருக்கும். பயில்வான்னுதான் கூப்பிடுவோம்... கீழேர்ந்து எப்படி எந்திரிக்கிறான்னா... நான் கவனிச்சதில்லீங்க, ஷிப்ட்டுக்குப் போறவன்... இப்பவா? இருங்க. டேய் பயில்வான், இங்க வா!"

கூடத்தில் கார் உருட்டிக்கொண்டிருந்த பேரன் எழத் தொடங்கினான். புவனா அவனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"மொதல்ல குப்புறக் கவுந்துக்கறான்... ம்... கைய தரையில ஊனி பின்பக்கத்தத் தூக்கறான்... ஆமா... ஆமா... இப்ப கை முழங்கால்ல... இப்ப தொடையில... தன்மேல தானே ஏறி வர்றானுங்க... விஷ்ணு சின்னதுல எந்திரிச்ச மாதிரியே... சரிங்க... சரிங்க. திங்கக்கிழமை கூட்டிட்டு வர்றோம்..."

புவனா பிசைவதை நிறுத்தியிருந்தாள்.

"புவனாகிட்டங்களா?... நீங்க எதுவும் சொல்ல வேண்டாங்க... எதிர்லதான் உக்காந்திருக்கா. நீங்க பேசினது அவளுக்குக் கேக்கல, நான் பேசினதே போதுமாயிருச்சு... வெச்சிடறேங்க."