பத்தொன்பதாம் மாடிக் கதவு

எனக்குப் பழைய கதவுகள் என்றால் கொள்ளை ஆசை. இருபத்தொரு மாடி அலுவலகக் கட்டடத்தைச் சொகுசு ஹோட்டலாக மாற்றும் வேலை என்னிடம் வந்தபோது, முதலில் கதவுகளைத்தான் தொட்டுப் பார்த்தேன். எண்பது வருஷத்துத் தேக்கு. மூன்று தலைமுறைக் குமாஸ்தாக்கள் தள்ளித் தள்ளி வழவழப்பாக்கியிருந்தார்கள்.

முதலாளிக்கு மேல் மூன்று மாடிகள்மீது கண். அங்கே குதிரையைக் குளிப்பாட்டும் அளவுக்குத் தொட்டிகள் வேண்டும் என்றார். இடம் இல்லை. கிழக்கு மூலையில் இரண்டாவது படிக்கட்டு மட்டும் சும்மா கிடந்தது. மேற்கில் ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று எனக்கும் பட்டது. மேல் மூன்று மாடிகளில் படியை அடைத்துக் குளியலறை கட்டினேன்.

பாரம்பரியக் கட்டடக் குழுவோ, நடைகூடத்தில் கண்ணில் படும் எதையும் அசைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தது. அசைக்கவில்லை. கதவு இருந்தது, 'படிக்கட்டு' என்ற பழைய பலகையும் இருந்தது. பின்னால் செங்கல் சுவர். பலகையின் எழுத்தழகைப் பார்த்துக் குழுவினர் உருகிப்போனார்கள். தீயணைப்பு அதிகாரி மூன்று மாடி ஏறினார், முழங்காலைத் தடவிக்கொண்டார், மீதியை லிஃப்டில் போய்ப் பார்த்தார்.

தொந்தரவு கொடுத்தது ஒரே ஆள், என் தங்கை கணவன். அங்கே பராமரிப்பு இன்ஜினியர். நான் வாங்கிக் கொடுத்த வேலைதான்.

"கதவைத் திறந்தா சுவரு. ஆளுங்க எப்படி மச்சான் இறங்குவாங்க?"

"லிஃப்ட் எதுக்கு இருக்கு மாப்பிள்ளை?"

"தீப்பிடிச்சா லிஃப்ட் நின்னுடும். நீங்க சுவரை உடைக்கலேன்னா நான் தீயணைப்புக்கு எழுதிக் குடுத்துடுவேன்."

நல்ல பையன், நச்சரிப்புதான் தாங்காது. தங்கைக்குப் பிரசவம் என்று அவன் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பி வந்ததும், பத்தொன்பதாம் மாடிச் சுவரை உடைத்தாயிற்று, அங்கிருந்து கீழே வரை படி சரியாக இருக்கிறது என்று சொன்னேன். உடைக்கவில்லை. இத்தாலியத் தொட்டியை அப்போதுதான் பதித்திருந்தோம். கதவுக்கு மட்டும் புதுப் பூட்டு போட்டேன். தீ மணி அடித்தால்தான் அது திறக்கும். மற்ற நேரத்தில் கை வைத்தால் கட்டடமே அலறும், விருந்தாளிகள் துண்டோடு ஓடிவருவார்கள். அதனால் அவன் திறந்து பார்க்கவில்லை. கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் மனசு நெகிழ்ந்துவிட்டது, மறைப்பானேன்.

ஹோட்டல் திறந்து மூன்றாவது ஞாயிறு, காலைச் சாப்பாட்டு நேரத்தில் சமையலறையில் தீப்பிடித்தது. நான் முதலாளியோடு காரில் போய்க்கொண்டிருந்தேன். போன் வந்தது. அவன் குரலில் பதற்றமே இல்லை.

"மச்சான், பத்தொன்பதுல இருக்கேன். ஆறு பேர் கூட இருக்காங்க, ஒரு அம்மாவால வேகமா நடக்க முடியல. மேற்குப் படியில புகை வருது, ஆனா இப்பவே போனா இறங்கிடலாம். கிழக்குக் கதவுதான் பக்கத்துல இருக்கு. அங்கேயே கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

மேற்குப் படி இன்னும் ஐந்து நிமிஷம் தாங்கியது என்று உங்கள் விசாரணை அறிக்கையே சொல்கிறது. 'வேண்டாம்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏழு பேரும் இறங்கியிருப்பார்கள். இது அப்போதே எனக்குத் தெரியும். இதில் தெரியாத்தனம் ஒன்றும் இல்லை.

"கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றேன்.

ஈவு இரக்கம் இல்லாதவன் என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் நீங்களும் அக்கா தங்கையோடு பிறந்தவர்தானே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால், இத்தனை நாளும் நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்துபோயிருக்கும். அதற்குப் பிறகு அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பது?