பச்சைப் பொட்டு

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், இதுல உக்காருங்க, எனக்கு ஆள் முகம் நல்லாத் தெரியணும். முப்பது வருஷம் மில்லு கேட்ல நின்னவன் நான். உள்ள போற, வெளிய வர்ற அத்தனை பையையும் சோதிச்சுத்தான் விடுவேன். பழக்கம் போகல.

என் வீட்டுக்காரி இல்ல. பொண்ணு பிரசவத்துக்குப் போயி மூணு வாரமாச்சு. ஏன், உங்ககிட்டச் சொல்லலயா? எல்லாத்தையும் உங்ககிட்டதானே சொல்லுவா. மாஸ்டரக் கேக்கணும், மாஸ்டர் சொன்னாரு. இந்த வீட்டுல ஆறு மாசமா உங்க பேச்சுதான்.

கோவமெல்லாம் இல்ல, சும்மா கேக்கறேன். பல்லி விழுந்தா தெருவையே கூட்டுறவ அவ. அம்பத்தி நாலு வயசுல திடீர்னு தேனீ வளக்கப் போறேன்னு சனிக்கிழமை தவறாம உங்க வகுப்புக்குக் கிளம்பிட்டா. அங்கருந்து வந்தா சேலையெல்லாம் புகை வாடை. கேட்டா, பெட்டியத் தொறக்கும்போது புகை காட்டணுமாம். சரின்னு விட்டேன். ரெண்டாம் வாரம் பாத்தா கொடியில ஒரு வெள்ளச் சட்டை, முழுக்கை, ஆம்பளச் சட்டை. என்னுது இல்ல. நீங்களே சொல்லுங்க, எந்தப் புருஷன் சும்மா இருப்பான்?

தெரியும் சார், தெரியும். தேனீக்கு வெளிறின துணிதான் நல்லது, அவளே கடையில வாங்கினது. பில்லத் தேடிப் பாத்துட்டேன்.

இன்னொண்ணு கேளுங்க. அவ கைப்பையில பச்சைக் கலர் நகப்பாலிஷ். கல்யாணத்தன்னிக்குக்கூட நகத்துக்கு ஒண்ணும் பூசாதவ! விரலப் பாத்தேன், பூசின தடமே இல்ல. அப்ப எதுக்கு அது? யாரு வாங்கித் தந்தது? கேக்கல. கேட்டா பதில் வந்துடும், அப்புறம் நான் என்ன பண்ணுறது?

அப்புறம் மொட்டை மாடியில தேனீப் பெட்டி வந்துச்சு. கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிக்க வச்சா, எறும்பு ஏறக்கூடாதாம். எனக்குத் தலைவலின்னா தைலம் அலமாரியில இருக்குன்னு சொல்லுறவ, அந்தக் கிண்ணத்துக்கு நாளுக்கு ரெண்டு தடவ தண்ணி மாத்துவா. பக்கத்துல குந்திக்கிட்டு என்னமோ முணுமுணுப்பா. நான் போனா நிறுத்திடுவா.

ஊருக்குக் கிளம்புறப்ப என்ன சொன்னா தெரியுமா? கிண்ணத்துக்குத் தண்ணி மட்டும் ஊத்துங்க, நான் வர்ற வரைக்கும் பெட்டியத் தொறக்காதீங்க. என்கிட்ட! தொறக்காதேன்னு ஒருத்தன் சொன்னா அந்தப் பையத்தான் முதல்ல தொறப்பேன் சார் நான்.

ஆமா. தொறந்தேன். போன செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில்ல. புகையும் காட்டல, ஒண்ணும் காட்டல. லெட்டரோ, போட்டோவோ, என்னமோ இருக்கும்னு உள்ள இருந்த மரச்சட்டத்த ஒவ்வொண்ணா உருவிப் பாத்தேன். தேனடையும் தேனீயுந்தான். கழுத்துல நாலு, கண்ணுகிட்ட ஒண்ணு கொட்டுச்சு. வலி தாங்காம சட்டத்தையெல்லாம் உள்ள போட்டு ஒரே நெருக்கா நெருக்கிட்டு மூடியத் தூக்கினேன்.

அந்த மூடிக்கு உள்பக்கம் பென்சில் எழுத்து. அவ எழுத்துதான். தேதி போட்டு வரிசையா எழுதியிருக்கா. இன்னைக்கு முட்டை பாத்தேன், இன்னைக்கு மகரந்தம் வந்துச்சுன்னு. கடைசி வரி என்ன தெரியுமா? இன்னைக்கு அவரும் கிட்ட வந்து நின்னாரு.

அவ்வளவுதான் சார் இருந்துச்சு. நான் வேவு பாக்க நின்ன நாளு அது.

டீ ஆறுது, குடிங்க.

தினமும் சாயங்காலம் போன் பண்ணுறா. பேரன் பொறந்த வீட்டுல இருந்துக்கிட்டு, போனப் பெட்டிகிட்ட வைங்க, சத்தம் கேக்கணும்கறா. முன்னெல்லாம் சன்னமா ஒரு ரீங்காரம் இருக்கும். செவ்வாய்க்கிழமைல இருந்து அது வேற மாதிரி, வீட்டுல சாவு விழுந்த மாதிரி ஒரு சத்தம். அத எப்படிக் கேக்க விடுறது? போனத் தூக்கி, உர்ருன்னு ஓடுற ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி வச்சேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, நல்லா இருக்குதுங்கன்னா. சிரிச்சா சார்.

சந்தேகமா? உங்க மேலயா? இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்குன்னே வச்சுக்குங்க. ஆனா அதுக்காக உங்கள வரச் சொல்லல.

இந்தத் தீப்பெட்டியத் தொறங்க. மெதுவா, காத்துக்குப் பறந்துடும். சத்தம் மாறவும் மறுபடி தொறந்து பாத்தேன், சட்டத்துக்கு நடுவுல நசுங்கிக் கெடந்துச்சு, மத்ததவிட நீளமா. முதுகுல பாருங்க, பச்சைப் பொட்டு. கூட்டத்துல ராணியக் கண்டுபிடிக்க அடையாளம் வைக்கணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே. பாலிஷ் அதுக்குத்தான்னு அப்பதான் எனக்கு விளங்குச்சு.

அதுங்களே புது ராணி உண்டாக்கிக்குமா? உண்டாக்கட்டும், அதுக்குப் பொட்டு இருக்காதே! நாளன்னிக்கு வர்றா. செருப்பக்கூடக் கழட்டாம நேரா மாடிக்குத்தான் போவா. உங்க பெட்டியில இருந்து ஒரு ராணி எடுத்துக் குடுங்க தம்பி. பாலிஷ் இந்தாங்க, அவ விட்டுட்டுப் போனது, சட்டைப் பையிலயே வச்சிருக்கேன். பொட்ட மட்டும் நீங்களே வச்சுக் குடுத்துடுங்க.