விழாவுக்கு லீவு

மாமல்லபுரம் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த கல்லூரிப் பெண் தன் அம்மாவிடம் சொன்னாள்.

“காலேஜுல பழங்குடி விழாவாம். நான் லீவு லெட்டர் குடுத்துட்டேன்.”

“இன்னாடி சொல்ற? இருளர் பொண்ணு மொத மார்க்குன்னு அன்னிக்குத்தான ஒனக்கு மெடல் குடுக்கறாங்க?”

“அன்னிக்கு மாசி மகம்மா. நம்ம சனம் மொத்தமும் கடற்கரையில கன்னியம்மாவக் கும்பிட்டுகினு கீறப்போ, இவங்க யார வச்சி விழா எடுப்பாங்க?”

“லீவுக்குக் காரணம் இன்னான்னு எழுதின?”

“பழங்குடி விழான்னுதான்.”

அம்மா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பின் இருக்கையில் நான் என் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சரிடி, மூணு வருசம் கண்ணு முழிச்சிப் படிச்ச மெடலு போயிடுமே?”

அதற்குள் கடிதத்தைப் பார்த்த பேராசிரியர் போனில் அழைத்துவிட்டார். பெண் கேட்டுவிட்டு, போனைக் கையால் மூடினாள்.

“மேடைக்கு வரலன்னா மெடல் கெடையாதாம்மா.”

அம்மா போனைப் பிடுங்கினாள்.

“சார், நான் அதோட அம்மா பேசறேன். அன்னிக்கு நாங்க மணல்லதான் இருப்போம். மெடல எடுத்துகினு நீங்க அங்க வாங்க. உக்காரப் பாய் போடறோம். எம் பொண்ணு பேர மட்டும் நல்லா சத்தமா சொல்லுங்க சார், அலை சத்தத்துல கேக்காது.”