ஒரு நிமிஷமும் விலகாதீங்க

இல்லீங்க சார், சட்டைய மாத்தித்தான் ஆகணும். நீங்க கண்ண மூடி மூடி வேணாம்னு சொன்னாலும் இன்னிக்கு நடக்காது. வருஷப் பொறப்புன்னு பாஸ்டர் வீட்டுக்கே வந்து ஜெபம் பண்ணப்போறாரு, உங்க பொண்ணு ஹால்ல நாற்காலி போட்டுட்டு இருக்காங்க. நீங்க பாட்டுக்கு எச்சில் வழிஞ்ச பனியனோட கெடந்தா என்னைத்தான் கேப்பாங்க, நர்ஸுன்னு ஒருத்தி எதுக்கு இருக்கான்னு. வராத கைய மொதல்ல விடுவோம். ஆங், அப்படித்தான். இப்ப நல்ல கை.

வலிக்குதா? இல்லல்ல. வாதம் வந்து பேச்சு போச்சே தவிர, முதுகுல ஒரு புண்ணு வர விடல பாருங்க நான். உங்கள மாதிரி படுத்தே இருக்கறவங்கள புரட்டிப் போடாம விட்டாலே போதும், சதை அழுகிடும். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ஒரு நாள்கூட நான் அப்படி விட்டதில்ல. டாக்டரே அசந்து போறாரு.

சுவத்தப் பாத்தீங்களா? உங்க பொண்ணு புது வசனம் மாட்டியிருக்காங்க. ஆண்டவர் என்னிக்கும் உன்ன விட்டு விலக மாட்டாருன்னு. அப்பாவுக்குத் தனியா இருக்க பயம், கண்ணத் தெறந்ததும் அது தெரியணும்னு சொன்னாங்க. நான் ரூம விட்டுப் போனாலே தொண்டையில ஒரு சத்தம் போடுறீங்களே, அதக் கேட்டு அவங்க ஓடி வந்துடுறாங்க. பாசமான பொண்ணு. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது.

என்ன பாக்குறீங்க, எனக்கு இதுல நம்பிக்கை இருக்கான்னா? இருக்கு சார். அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனா அது வந்த வழி வேற. தலைய சீவிக்கிட்டே சொல்றேன், கேளுங்க.

ஒரு பொண்ணு. தையல் கம்பெனில பட்டன் தைக்கிற வேலை, மூணாவது மாடியில. வாயாடி. மேனேஜர் எப்படித் தொண்டையக் கனைப்பாரு, எப்படிப் பின்னாடி கையக் கட்டிக்கிட்டு நடப்பாருன்னு நடிச்சுக் காட்டுவாளாம், மொத்த ஹாலும் சிரிச்சு உருளுமாம்.

தலைய இழுக்காதீங்க சார், வகிடு கோணலாப் போகுது.

அந்தச் சமயத்துல அவசர ஆர்டர். பொம்பளைங்க நேரத்தோட நழுவிடக் கூடாதுன்னு பின் மாடிப்படி கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியத் தன் பாக்கெட்டுலயே வெச்சுக்கிட்டாரு மேனேஜர். அன்னிக்குன்னு பாத்து இஸ்திரி பிரிவுல தீப் புடிச்சுச்சு. முன் படி முழுக்கப் புகை. எல்லாரும் பின்னாடி ஓடினா பூட்டு தொங்குது. கேட்டுக்கு அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் மொத ஆளா அந்தப் பொண்ணு; பின்னாடி வந்தவங்களுக்குப் புகையில ஒண்ணும் தெரியல. கம்பியப் புடிச்சிக்கிட்டு, சார், தெறங்க சார்னு கூப்பிட்டிருக்கா. அவர் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டுப் படியெறங்கிப் போயிட்டாரு.

பயத்துல ஓடிட்டாருன்னு வெச்சுக்கலாம். நானும் அப்படி வெச்சுக்கத்தான் பாத்தேன். ஆனா கோர்ட்டுக்கு வந்து, சாவி எங்கிட்ட இல்ல, வாட்ச்மேன்கிட்டதான் இருந்துச்சுன்னு நிதானமாச் சொன்னாரே, அதுல எங்க பயம்? வாட்ச்மேன் புகையிலயே போய்ச் சேந்துட்டாரு. எந்திரிச்சு வந்தா இல்லேங்கப் போறாரு? பாத்த சாட்சி ஒருத்தரும் இல்லேன்னு விட்டுட்டாங்க. நான் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். மேனேஜர் கைக்குட்டைய மடிச்சு பாக்கெட்டுல வெச்சிக்கிட்டுப் போனாரு, என்னைத் தாண்டித்தான்.

தண்ணி வேணுமா? வேணாமா. மூச்ச மெதுவா விடுங்க.

அந்தப் பொண்ணுக்கு ஆஸ்பத்திரில கொஞ்ச நேரம் பேச்சு இருந்துச்சு. இதெல்லாம் அவ சொன்னதுதான். போலீஸ் வர்றதுக்குள்ள போயிட்டா. கடைசியா என்ன சொன்னா தெரியுமா? உள்ள நான் தனியா இல்ல, ஆண்டவர் கூடவே நின்னாருன்னா. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. கூட நின்னு என்ன கிழிச்சாரு, ஒரு பூட்ட ஒடைக்கத் துப்பில்லையான்னு. அதுக்கப்புறம் சர்ச் பக்கமே தல வெச்சுப் படுக்கல.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு வருஷப் பொறப்புக்கு எங்கம்மா அழுது இழுத்துட்டுப் போனாங்க. இதே வசனம். எப்பவும், எங்கயும், எல்லார்கூடவும் இருக்காருன்னு பாஸ்டர் சொல்றாரு. எனக்குப் பொறி தட்டின மாதிரி ஆயிடுச்சு. உள்ள அவகூட நின்னவரு வெளியவும் தானே நின்னிருப்பாரு? சாவி கெடந்த பாக்கெட்டுப் பக்கத்துல, படியெறங்கும்போது பக்கத்துப் படியில, கோர்ட்டுல பொய் சொன்ன வாய்க்கு நேரா. அப்புறம் எப்படி சாட்சி இல்லேன்னு சொன்னாங்க?

அன்னியிலேருந்து எல்லாரும் வருஷப் பொறப்புக்கு வீடு கேப்பாங்க, புள்ள கேப்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான். ஆண்டவரே, அந்த ஆள விட்டு ஒரு நிமிஷமும் விலகாதீங்க. சாப்பிட உக்காந்தா எதிர்ல உக்காருங்க. கண்ண மூடினா கண்ணுக்குள்ள வந்து நில்லுங்க. பக்கத்துல முழங்கால் போட்டிருக்கறவங்க எனக்கும் சேத்து ஆமென் சொல்லுவாங்க.

இந்த வாதம் நான் கேட்டதில்ல சார். அது அவரா குடுத்தது. இந்த வீட்டுக்கு ஆள் வேணும், யார் போறீங்கன்னு ஏஜென்சில கேட்டப்ப, நான் போறேன்னு கைதூக்கினதுதான் என் வேலை.

காலையில உங்க பொண்ணு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. வேற எடத்துக்குப் போயிடாதீங்க, உங்கள மாதிரி அப்பாவ யாரும் பாத்துக்க மாட்டாங்க, இந்த வருஷமும் இருங்கன்னாங்க. இந்த வருஷம் என்னங்க, அவர் இருக்கற வரைக்கும் இருக்கேன்னு சொல்லிட்டேன். நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் ரொம்ப வருஷம் இருப்பீங்கன்னு டாக்டரே சொல்றாரு. நல்லாத்தான் பாத்துப்பேன். என் தங்கச்சிக்குக்கூட நான் இவ்வளவு செஞ்சதில்ல.

ஆமா, தங்கச்சிதான். கூடப் பொறந்தவ. சொல்லலையா நான்?

வந்துட்டாங்க போல, பேச்சு கேக்குது. இருங்க, கண்ணத் தொடச்சு விடுறேன். வேணாம், அப்படியே இருக்கட்டும். வசனத்தப் பாத்து மனசு உருகி அழுறீங்கன்னு நெனச்சுப்பாரு பாஸ்டர்.