ஒரு சின்ன டவுட்

சிடி பெட்டிக்குள் சொருகியிருக்கும் சின்னப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இது எனக்கு ஒரு வியாதி. ஹோட்டலில் மெனு கார்டு வந்தால் மற்றவர்கள் பசியோடு பார்ப்பார்கள், நான் பேனாவோடு பார்ப்பேன். நான் இருக்கும் நியூ ஜெர்சியில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு காய்கறிக் கடைக்காரர் 'ஃப்ரெஷ்' என்பதற்கு 'ஃப்ளெஷ்' என்று போர்டு எழுதி வைத்திருந்தார். நான் போய்ச் சொன்னேன். கத்திரிக்காய் வாங்க வந்தீங்களா, கணக்கு வாத்தியாரா வந்தீங்களா என்று கேட்டார். இங்கிலீஷ் வாத்தியார் என்று அதையும் திருத்திவிட்டு வந்தேன்.

இப்போது அப்படி ஒரு சின்னப் புத்தகத்தை என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பெயினின் வடக்கே ஹிஹோன் என்று ஒரு துறைமுக ஊர். பெயரைச் சொன்னால் தொண்டையைக் கனைப்பது போலிருக்கும். அங்கே 1990இல் தொடங்கி மூன்று ஆல்பம் போட்டு, இந்த வருடம் 2001இல் கலைந்துபோன ராக் குழு 'லா சியா கோஹா'. நொண்டி நாற்காலி என்று அர்த்தம். கடைசியாக ஒரு தொகுப்பு வெளியிடுகிறார்கள். குழுவின் வரலாற்றை எட்டுப் பக்கத்தில் எழுதித் தரவேண்டும். எங்கள் கதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை என்று பாடகி நியெவெஸ் ஈமெயில் அனுப்பியிருந்தாள். உண்மைதான். அவளுக்கே தெரியாத பகுதிகள் எனக்குத் தெரியும்.

என் பெயர் நஞ்சுண்டன். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மெயின்ஃப்ரேம் புரோகிராமர். இங்கே வெள்ளைக்காரர்களுக்கு முழுப் பெயர் வாயில் நுழையாததால் நான் வெறும் 'நான்' ஆகிவிட்டேன். தந்தூரி அடுப்பில் சுடுவார்களே, அதே நான். ஸ்பெயின்காரர்கள் மரியாதை சேர்த்து 'டான் நான்' என்று கூப்பிடுவார்கள். கோபிசெட்டிபாளையத்தில் பிறந்தவனுக்கு இந்தப் பட்டம் கிடைக்க பாஸ்போர்ட்டும் ஒரு பேனாவும் போதுமாக இருந்தன.

1991இல் நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு பழைய ரெக்கார்டு கடையில், தள்ளிவிட்ட சரக்குகள் கிடக்கும் பெட்டியில் அவர்களுடைய முதல் ஆல்பம் கிடந்தது. அட்டையில் மூன்று கால் நாற்காலி. அந்தக் காலத்தில் ஸ்பெயினில் இப்படிப்பட்ட குழுக்கள் பலவும் ஆங்கிலத்தில்தான் பாடின. இவர்களும் அப்படித்தான். பார்க்வேயில் காரை ஓட்டிக்கொண்டே கேட்டேன். 'ஐ ஆம் அக்ரீ வித் யுவர் ஐஸ்' என்று ஒரு பெண் உயிரைக் கொடுத்துப் பாடினாள். அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. அதைவிட அந்த 'ஆம் அக்ரீ' என்னை அதிகம் செய்தது. எக்ஸிட்டைத் தவறவிட்டேன். வீட்டுக்குப் போனதும் அட்டையிலிருந்த விலாசத்துக்கு, உங்கள் ஆல்பத்தில் பதினொரு பிழைகள் என்று பட்டியல் போட்டுக் கடிதம் எழுதினேன். ரசிகனாக நான் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

வேறு யாராவது என்றால் கிழித்துப் போட்டிருப்பார்கள். நியெவெஸ் நன்றி சொல்லிப் பதில் போட்டாள். அடுத்த ஆல்பத்தின் பாட்டுகளைத் திருத்தித் தர முடியுமா, உங்களுக்கு ஆங்கிலம் தாய்மொழியா என்று கேட்டிருந்தாள். சிறுவயது முதல் ஆங்கிலமே என் மீடியம் என்று எழுதினேன். பத்தாவது வரை நான் படித்தது தமிழ் மீடியம். ஒரு கடிதத்தில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்த இரண்டு ஆல்பங்களையும் நான்தான் திருத்தினேன். திருத்தினேன் என்றால், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை அவர்களுக்குப் போட்டுவிட்டேன். காதலியைப் பார்த்து 'வாட் இஸ் யுவர் குட் நேம்' என்று கேட்கிற ராக் பாட்டு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். பிரிவுப் பாட்டு ஒன்றுக்கு 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று தலைப்பு வைத்தேன். அதை எங்கோ ஒரு காலேஜ் ரேடியோவில் போட்டார்கள். இவ்வளவு உலர்ந்த நகைச்சுவையை நாங்கள் கேட்டதே இல்லை என்று ஒரு சின்னப் பத்திரிகை எழுதியது. எனக்கு நகைச்சுவை எது என்று புரியவில்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவின் இடைவேளையில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியதும் உண்டு. மகாதேவன் அங்கிள் அக்கறையோடு வந்து, "சிடி ஸ்கிராட்ச் ஆயிருக்கு தம்பி, டிஷ்யூ வெச்சுத் தொடைங்க" என்றார். என் மனைவி ஷ்யாமளா தலையைக் குனிந்துகொண்டாள்.

நியெவெஸுக்கும் அவள் தம்பி பெலாயோவுக்கும் என்ன பிரச்சினை என்று சொல்லியாக வேண்டும். பெலாயோதான் கிட்டார். அவர்கள் அப்பாவுக்கு மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை இருந்தது. நியெவெஸுக்கு முப்பது வயது ஆவதற்குள் பாட்டில் ஏதாவது நடந்தால் நடக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் தொழிற்சாலைக்கு வந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த முப்பது, 2000ஆம் வருடம் மார்ச்சில். அந்த மீன் வாடை தலைமுடியை விட்டுப் போகவே போகாது, எனக்கு அதை நினைத்தாலே அழுகை வருகிறது என்று எனக்கு எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதத்திலும் இரண்டு பிழைகள் இருந்தன. திருத்தி அனுப்பினேன்.

1996 அக்டோபரில் பெர்க்லியிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனி அவர்களுக்கு எழுதியது. மூன்று ஆல்பங்களையும் அமெரிக்காவில் வெளியிடுகிறோம், ஆறு வாரம் கலிஃபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் வாசிக்க வாருங்கள் என்று. நியெவெஸ் பதில் எழுதி, திருத்தித் தரச் சொல்லி என் ஆபீஸுக்கு ஃபேக்ஸ் பண்ணினாள். கம்பெனியிடம் கேட்பதற்கு அவளிடம் ஆறு கேள்விகள் இருந்தன. ஸ்பானிஷில் கேள்விக்கு 'தூதா' என்றும் சொல்வார்கள். அகராதியில் அதற்கு முதல் அர்த்தம் சந்தேகம். அதனால் அவள் ஆறு டவுட் என்று எழுதியிருந்தாள். உங்களைப் பற்றியும் உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றியும் எங்களுக்கு ஆறு டவுட் இருக்கிறது. எங்கள் மிகப் பெரிய டவுட், கூட வரப்போகும் உங்கள் மேனேஜரைப் பற்றி. பாவம், அந்த மேனேஜருக்கு ஸ்பானிஷ் தெரியுமா என்றுதான் அவள் கேட்க நினைத்தாள்.

நம் ஊரிலும் அப்படித்தானே. வகுப்பில் கை தூக்கி, சார் ஒரு சின்ன டவுட் என்போம். யாரும் வாத்தியாரை நம்பவில்லை என்று அர்த்தமில்லை. மூவாயிரம் மைல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு பேர் ஒரே தப்பைச் செய்தோம் என்பது எனக்கு இன்றும் உருக்கமாக இருக்கிறது. எல்லாப் பிழையையும் திருத்தினேன். அதை மட்டும் விட்டுவிட்டேன்.

பெர்க்லிக்காரர் பண்பானவர். எங்கள் மேல் இவ்வளவு சந்தேகம் இருக்கும்போது வற்புறுத்துவது சரியில்லை என்று எழுதி விலகிக்கொண்டார். நாங்கள் ஏதாவது தப்பாக எழுதிவிட்டோமா என்று நியெவெஸ் கேட்டாள். அமெரிக்கர்கள் அப்படித்தான் என்று பதில் போட்டேன். அதற்கு அடுத்த வருடம் என் மேனேஜர் கேரல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ மீட்டிங்கில் டவுட் டவுட் என்கிறாய், எல்லாரும் நீ அவர்களை நம்பவில்லை என்று நினைக்கிறார்கள், கொஸ்டின் என்று சொல் என்று விளக்கினார். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

1999இல் ஆஸ்டினிலிருந்து இன்னொரு கம்பெனி எழுதியது. இது பெரியது. கடைசி நிகழ்ச்சி நியூ ஜெர்சியில். உங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கலாமா, எட்டு வருடம் கழித்து டான் நானை நேரில் பார்க்கப் போகிறோம் என்று நியெவெஸ் எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்ததும் பயம் வந்தது. நல்ல பயம். இங்கே வந்து நான்கு பேர் பேசுவதைக் கேட்டால், குட் நேமும் நீட்ஃபுல்லும் எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்துவிடும். எங்கள் பாட்டை இப்படியா ஆக்கினாய் என்று கேட்பாள். அதோடு இன்னொன்று. இங்கே அவர்களுக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஆயிரம் பேருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆபீஸிலும் சரி, சங்கத்திலும் சரி, என்னிடம் யாரும் எதையும் திருத்தித் தரச் சொன்னதில்லை. கேட்டது அவள் ஒருத்திதான்.

அதற்குள் அவள் ஆங்கிலம் நன்றாகத் தேறியிருந்தது. ஆஸ்டினுக்கான பதிலைத் திருத்தித் தரச் சொல்லி ஈமெயிலில் அனுப்பியிருந்தாள், அதில் 'கொஸ்டின்ஸ்' என்றே சரியாக எழுதியிருந்தாள். கம்ப்யூட்டரில் ஒரு வார்த்தையைத் தேடி எல்லா இடத்திலும் இன்னொரு வார்த்தையாக மாற்றுவதற்கு இரண்டு விநாடி ஆகும். ஒன்பது இடங்களில் மாற்றப்பட்டது என்று திரையில் வந்தது. நான் ஓகேயை அழுத்தினேன்.

கொஸ்டின் என்பதுதான் சரியென்று நினைத்திருந்தேன், நிச்சயமா என்று அவள் கேட்டாள். டவுட் என்பதில் மரியாதை அதிகம் என்று எழுதினேன். உங்களிடமிருந்து கற்றுக்கொண்டே இருக்கிறேன் டான் நான், மிக்க நன்றி என்று பதில் வந்தது. ஆஸ்டின்காரர்கள் பெர்க்லிக்காரர் அளவுக்குப் பண்பானவர்கள் இல்லை. இரண்டு வரியில் முடித்துக்கொண்டார்கள்.

2000 மார்ச்சில் அக்காவும் தம்பியும் தொழிற்சாலைக்குப் போனார்கள். இந்த வருடம் பிப்ரவரியில், டப்பாவுக்கு மூடி போடும் இயந்திரத்தில் பெலாயோவின் இடதுகை சிக்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன. கிட்டாரில் தந்தியை அழுத்தும் கை அது. மூன்று விரலோடு நானே நம் நாற்காலி ஆகிவிட்டேன் என்று அவன் ஜோக் அடிக்கிறான், யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்று நியெவெஸ் எழுதினாள். அந்தக் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டு முறை தேடினேன்.

இப்போது இந்தத் தொகுப்பு. வரலாறு எழுதக் கேட்ட ஈமெயிலிலேயே இன்னொன்றும் இருந்தது. இண்டர்நெட்டில் என் முழுப் பெயரைத் தேடியிருக்கிறாள். நான் தமிழன் என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். 'அப்படியானால் உங்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. எங்களைப் போலவே அகராதி வைத்துக் கற்றவர். இது முன்பே தெரிந்திருந்தால் உங்களை இன்னும் நெருக்கமாக நினைத்திருப்போமே. தயவுசெய்து உங்கள் மொழியிலும் எழுதுங்கள். எங்களுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்த எழுத்துகள் அழகாக இருக்கின்றன. அப்படியே அச்சடிக்கிறோம்.' இதைப் படித்த அன்று நான் ஆபீஸுக்கு லீவு போட்டேன்.

ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். நல்ல ஆங்கிலம். தமிழில் எழுதுவது இது. வரலாறு என்றால் வருடம் பிசகக் கூடாது இல்லையா. அதனால் நேற்று சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஷ்யாமளாவிடம், கேரல் என்னைக் கூப்பிட்டு டவுட்டைப் பற்றிச் சொன்னது தொண்ணூற்றேழுதானே என்று சும்மா கேட்டேன்.

"தொண்ணூத்தேழா? ஏனுங்க, அப்ப வான்மதி என் வயித்துலதானுங்க இருந்தா. நாம ஐசலின் அபார்ட்மென்ட்ல இருந்தோம். நீங்க வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு சோஃபால உக்காந்துட்டீங்க. என்னாச்சுன்னேன். என் இங்கிலீஷ் தப்பாம்னீங்க. ஒரு வாரம் என்கிட்டகூட டவுட்டுங்கற வார்த்தைய சொல்லல."

அவளுக்கு அது வீட்டில் வழக்கமாகச் சொல்லிச் சிரிக்கிற கதை. சிரித்துக்கொண்டே கீரையை அலசப் போய்விட்டாள். எங்கள் மகள் வான்மதி பிறந்தது 1995 ஜனவரியில்.

ஆகவே மேலே ஒரு திருத்தம். பெர்க்லிக்கு அந்தக் கடிதம் போனபோது டவுட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஃபேக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று ஆறு டவுட்டையும் படித்தேன். பேனா கையில்தான் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் பேனாவைக் கொண்டுபோய்த் தூக்கிக்கொண்டேன். அந்தப் பதினொரு பிழைகளைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்கு இந்த ஆறு கண்ணில் படாமல் போகவில்லை. முதல் தடவையும் நான்தான், இரண்டாம் தடவையும் நான்தான். அந்த இரண்டு விரலும் என் கணக்கில்தான் சேரும்.

சொல்லி முடித்ததில் மனசு லேசாகிவிட்டது. செய்த தப்பைத் தானே எழுதி, அந்த வீட்டுக்காரர்கள் கையாலேயே ஆயிரம் பிரதி அச்சடிக்கக் கொடுப்பவன் வேறு எவன் இருப்பான்? நான் எதையும் மறைக்கவில்லை. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதியிருக்கிறேன். ஹிஹோனில் யாருக்காவது இதில் ஒரு சின்ன டவுட் இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். மொழிபெயர்த்துச் சொல்ல நான் இருக்கிறேன்.